வயிற்றுச் சதையால் மார்பு அமைத்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காஜாபட்டன் (கும்பகோணம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதத் துணிந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 46. ரவிக்கை தைப்பது தொழில், 22 வருடமாக. வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய சின்னக் கடை, இரண்டு மிஷின், உதவிக்கு ஒரு பெண். போன வருடம் மாசி மாதம் வலது மார்பில் கட்டி என்று தெரிந்து முழு மார்பையும் எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். 8 கீமோ, 15 ரேடியேஷன். ரேடியேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தஞ்சாவூர் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். இதுவரை நல்லபடியாகவே இருக்கிறது.

முதலில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் முன் குனிந்து உட்கார்ந்தால் அது மெல்ல மெல்ல ஏறி, பத்து மணிக்குள் காறை எலும்பருகே வந்து நின்றுவிடும். தொழில் தெரிந்தவள் இல்லையா, பருத்தித் துணியில் கூம்பாக ஒரு திண்டு தைத்து உள்ளே கடுகை நிரப்பினேன். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் 300 கிராம் போட்டுப் பார்த்தேன், 400 போட்டுப் பார்த்தேன். 350-ல்தான் இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கார்த்திகை அடைமழையில், துணி எதுவும் காயாத ஒரு வாரத்தில், கடுகு முளைவிட்டுவிட்டது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் என் மகளும் அன்று இரவு வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது ஆரி வேலைக்கு வாங்கிவைத்த கண்ணாடி மணிகளைப் போட்டுத் தைத்திருக்கிறேன். முளைக்காது, ஆனால் வேகமாக நடந்தால் லேசாகச் சலசலக்கிறது. சிலிக்கான் திண்டு ஒன்றும் வாங்கினேன். சித்திரை வெயிலில் அதை வைத்துக்கொண்டு மிஷின் மிதித்தால் உள்ளே வியர்த்துக் குளமாகிவிடுகிறது. ரேடியேஷன் பட்ட தோல் வேறு சிவந்துபோகிறது.

ரவிக்கைக்கு அளவு கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மார்புச் சுற்றளவு, இடுப்பு, தோள், கை என்று எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் 'பாயிண்ட் டு பாயிண்ட்' என்று ஓர் அளவு எழுதுவோம். ஒரு காம்பிலிருந்து மறு காம்புக்கு எவ்வளவு தூரம் என்பது. டாட், அதாவது மார்பு வளைவுக்காகத் துணியில் பிடிக்கும் மடிப்பு, எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது அந்த அளவை எடுக்கிறேன். டேப்பைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பாயிண்ட்தான் என்பது நினைவுக்கு வருகிறது. அழுகையெல்லாம் வருவதில்லை. நினைவு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் தினமும் பத்து முறை.

போன மாதம் சென்னையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். சிலிக்கான் பை வைப்பது, முதுகுத் தசையை முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவது, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் பொருத்துவது என்று மூன்று வழி சொன்னார். ரேடியேஷன் பட்ட இடம் என்பதால் மூன்றாவதுதான் எனக்கு ஏற்றது என்றார். சிசேரியன் தழும்பு இருக்கிறது, அதோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்திருக்கிறேன். அதனால் பாதகமில்லை என்கிறார். சதைக்குப் பஞ்சமில்லை என்று நானே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்தில் படபடவென்று சொல்லி முடித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டிய பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன.

அறுவை முடிந்து எத்தனை நாளில் மிஷினில் உட்கார முடியும்? நான் கத்தரிக்கோல் பிடிப்பது வலது கை, எடுத்ததும் வலப்பக்கம். கைக்கு ஏதும் ஆகுமா? மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அப்போது செய்துகொண்டால் தை மாதத் தையலுக்குத் திரும்பிவிடலாமா? புதிதாக வைக்கும் மார்பில் தொட்டால் தெரியுமா? காப்பீட்டில் பணம் கிடைத்ததா, அல்லது கையை விட்டுத்தானா?

கடைசியாக ஒன்று. மாமியார் சொல்கிறார், "உயிர் தப்பியதே பெரிது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் உனக்கு என்ன அலங்காரம்?" கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். எங்கள் வீட்டில் 'உன் இஷ்டம்' என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். நோய்க்காக அறுக்கக் கூட்டிக்கொண்டு போனபோது யாரும் யோசிக்கவில்லை. இதை வேண்டும் என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வர மாட்டேன் என்கிறது. செய்துகொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி (ஈரோடு) எழுதியது:

தங்கைக்கு, கடுகு முளைத்ததைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். நான் வைத்திருந்தது பழைய ஈரிழைத் துண்டு, அது முளைக்க வழியில்லை.

எனக்கு 53 வயது. இடப்பக்கம் எடுத்தது. இரண்டு வருடம் கழித்து நீங்கள் சொல்லும் அதே வயிற்றுச் சதை அறுவையைச் செய்துகொண்டேன். அது ஆகி மூன்று வருடம். உள்ளதை உள்ளபடி கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

முதலில் மருந்து ஏற்றி வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். தசைக்குள்ளிருந்து தோலுக்கு வரும் சின்னக் குழாய்களில் எது தடிமனானது, எந்த இடத்தில் மேலே வருகிறது என்று பார்ப்பதற்காக. முந்தின நாள் மாலை என்னை நிற்கவைத்து உடம்பெல்லாம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டார் டாக்டர். நின்றபடி ஒரு தடவை, உட்காரவைத்து ஒரு தடவை. நீங்கள் துணியில் சாக்கால் கோடு போடுவீர்களே, அதேதான். அளவு டேப்பும் வைத்திருந்தார்.

காலை ஏழரைக்கு உள்ளே போனேன். வெளியே கொண்டுவரும்போது மாலை நாலரை. நெஞ்சில் விலாவோடு சேர்ந்த குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அடியில் ஓடும் ரத்தக்குழாயோடு வயிற்றுக் குழாயை மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். குழாயின் அகலமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நூல் தலைமுடியைவிட மெல்லியது. சிரையை மட்டும் தைக்காமல், பிரஸ் பட்டன் மாதிரி இரண்டு சின்ன வளையங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார். உங்கள் தொழிலுக்கு இது பிடிக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் இரவு தூக்கமே இல்லை. வலி காரணமில்லை, வலிக்கு மருந்து போய்க்கொண்டே இருந்தது. மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து, புது மார்பைத் தொட்டுச் சூடு பார்த்து, நிறம் பார்த்து, பேனா போன்ற ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்பார். கர்ப்பிணிகளுக்குக் குழந்தையின் துடிப்பைக் கேட்கவைப்பார்களே, அந்த மாதிரி 'உஷ் உஷ்' என்று கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் உடனே மறுபடியும் தியேட்டர்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் நர்ஸ் கருவியை வைத்துவிட்டுச் சரியான இடத்தைத் தேடும் அந்த இரண்டு மூன்று நொடிகள் இருக்கிறதே, அதில் என் மூச்சு நின்றுவிடும். எண்ணிப் பார்த்தால் இரண்டு நாளில் நாற்பது தடவைக்கு மேல் மூச்சை நிறுத்தியிருப்பேன்.

மூன்றாம் நாள் நடக்கவைத்தார்கள். வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்திருப்பதால் நிமிர முடியாது. நெல் மூட்டை சுமப்பவரைப் போலக் கூனிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். ஆறாம் நாள் வீடு. படுக்க முடியாது, தலையும் உயர வேண்டும், முழங்காலும் மடங்க வேண்டும். என் அப்பாவின் பழைய ஈஸிசேரைப் பரணிலிருந்து இறக்கினோம், பத்து நாள் அதில்தான் தூங்கினேன். வடிகுழாய் மூன்று. ஒரு துணிப்பையில் குப்பிகளைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தேன், கடைசிக் குழாய் பதின்மூன்றாம் நாள்தான் போனது. வயிற்றுக்குப் பட்டி ஆறு வாரம். குடத்தை இடுப்பில் வைக்க மூன்று மாதம் ஆனது.

ஆகவே மார்கழியில் செய்துகொண்டு தை முகூர்த்தத்துக்குத் தைக்கலாம் என்ற கணக்கு நடக்காது தங்கையே. மிஷின் மிதிப்பதும் குனிந்து வெட்டுவதும் எட்டு வாரத்துக்கு முன்னால் வேண்டாம். ஆடி முதல் வாரத்தில் செய்துகொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தம் கையை விட்டுப் போகும். புரட்டாசியில் எப்படியும் கல்யாணம் இல்லை. தீபாவளித் தையலுக்கு வந்துவிடலாம்.

உணர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். இல்லை. ஓரங்களில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, நடுவில் மரக்கட்டைதான். ஒரு நாள் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. மாலையில் சேலை மாற்றும்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெந்நீர்ப் பை அந்தப் பக்கம் வைக்கவே கூடாது. தொப்புளுக்குக் கீழேயும் ஒரு கையகலம் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. அந்தத் தொப்புளையும் புதிதாகத் துளை போட்டு எடுத்துத் தைத்ததுதான்.

பிடிக்காதவை: ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை தழும்பு. அதன் இரண்டு முனையிலும் சதை கூம்பி நின்றது, ஆறு மாதம் கழித்து அதைச் சீராக்க ஒரு சின்ன அறுவை. அப்போதே காம்பும் வைத்தார்கள், ஒரு வருடத்தில் அது தட்டையாகிவிட்டது. பிடித்தவை: இது வயிற்றுக் கொழுப்பு என்பதால் உடம்போடு சேர்ந்து ஏறுகிறது, இறங்குகிறது. தீபாவளிக்குப் பிறகு நான் இரண்டு கிலோ கூடினேன், அதுவும் கூடியது. குப்புறப் படுக்கிறேன். காலையில் அவசரமாகக் கதவைத் திறக்கப் போகும்போது எதையும் தேட வேண்டியதில்லை.

காப்பீடு. எங்கள் நிறுவனம் முதலில் 'அழகுக்கான சிகிச்சை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. பாலிசிப் புத்தகத்தை எடுத்து விலக்குகள் பகுதியைப் பாருங்கள். 'எக்ஸ்க்ல் 08' என்று இருக்கும். அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டு, விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு நீங்கலாக என்று அதே வரியில் சொல்லும். அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, பழைய பயாப்சி அறிக்கை, டாக்டரின் கடிதம் இரண்டையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். மூன்று வாரத்தில் சம்மதித்தார்கள். மொத்தம் ஆனது 4 லட்சத்து 20 ஆயிரம். 55 ஆயிரம் மட்டும் என் கையிலிருந்து போனது. டாக்டர் கடிதத்தில் 'புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு' என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும்.

பாட்டிவைத்தியம்108 எழுதியது:

அறுவை சிகிச்சையே தேவையில்லை சகோதரி. கருஞ்சீரக எண்ணெயில் வெந்தயப் பொடி குழைத்து 48 நாள் தேய்த்து வந்தால் சதை தானாக வளர்ந்துவிடும். அனுபவ உண்மை.

இரவுப்பணி எழுதியது:

யாருடைய அனுபவம் ஐயா? எடுத்துவிட்ட மார்பு எண்ணெயில் வளராது. ரேடியேஷன் பட்ட தோலில் அரைத்ததையும் குழைத்ததையும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்ட கை இது. காஜாபட்டன், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற செவிலியர். 31 வருடப் பணியில் கடைசி 12 வருடம் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டு. மேலே ஈரோட்டு அம்மா சொன்ன 'உஷ் உஷ்' சத்தத்தை ஆயிரக்கணக்கான தடவை கேட்டவள். நோயாளி மூச்சை நிறுத்துவது எங்களுக்கும் தெரியும். நாங்களும் நிறுத்துவோம்.

அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். வயிற்றிலிருந்து எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. 1982-ல் அமெரிக்காவில் ஹார்ட்ராம்ப் என்ற சர்ஜன் கொண்டுவந்த முறையில் வயிற்றின் நடுத் தசையையும் சேர்த்தே எடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதுதான். பிறகு வயிறு பலவீனமாகி, வலை வைத்துத் தைத்தும் சிலருக்குக் குடலிறக்கம் வந்தது. படுக்கையிலிருந்து நேராக எழுந்திருக்க முடியாமல் பக்கவாட்டில் உருண்டு எழுவார்கள். தசையை அங்கேயே விட்டுவிட்டு, அதன் ஊடே வரும் குழாயை மட்டும் பிரித்தெடுக்கும் முறை 1990-களில் வந்தது. வார்டில் 'டீப்' என்போம். நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் தொழில் உங்களுடையது. "தசையை எடுப்பீர்களா, விடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். "வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். கோபித்துக்கொள்கிற டாக்டர் உங்களுக்கு வேண்டாம்.

கைதேர்ந்தவர்களிடமே நூற்றுக்கு ஒன்றிரண்டு தோற்கும். குழாயில் ரத்தம் உறைந்து, வைத்த சதை கறுத்து, எடுத்துவிட வேண்டியதாகும். பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் திரும்பத் திறந்து காப்பாற்றிவிடலாம், அதற்குத்தான் அந்த மணிக்கொரு சோதனை. அதனால் இரவில் தனித்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் மருத்துவமனையா என்பதையும் விசாரியுங்கள்.

டமாக்சிஃபென் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் மாத்திரை. பல சர்ஜன்கள் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. புற்றுநோய் டாக்டரும் பிளாஸ்டிக் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். உங்கள் பதிவில் சர்க்கரை பற்றி ஒன்றும் இல்லை. இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

சிலிக்கான் பையை ஏன் வேண்டாம் என்றார் என்றால், உள்ளே எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். ரேடியேஷன் பட்ட இடத்தில் அந்த உறை இறுகிக் கல்லாகி, வலிக்கும், கோணலாகும். பை ஆயுளுக்கும் வருவதில்லை, மாற்ற வேண்டிவரலாம். 2019-ல் சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகையை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு இருப்பதால், உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்காக எல்லாப் பையும் கெட்டதில்லை, ரேடியேஷன் இல்லாத பலருக்கு அது நன்றாகவே அமைகிறது. முதுகுத் தசைக்கு மைக்ரோஸ்கோப் தேவையில்லை, நேரமும் குறைவு. ஆனால் முதுகில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். மார்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் அந்தத் தசை மட்டும் போதாது. அன்றாட வேலைக்குப் பெரிய தடை இல்லை என்றாலும், கத்தரிக்கோல் பிடிக்கும் தோளின் தசையை நானாக இருந்தால் தொடவிட மாட்டேன்.

இதைவிட முக்கியம் உங்கள் வலது கை. நிணநீர் முடிச்சு எடுத்த கை வீங்கக்கூடிய கை. நீங்களோ ஊசியோடு வாழ்கிறவர். கையால் தைக்கும்போது விரல் கவசம் போடுங்கள். குத்திவிட்டால் அப்போதே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவந்து சூடாக வீங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மார்பு அமைத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் இடது மார்புக்கு வருடந்தோறும் மாமோகிராம் உண்டு.

பணம்தான் தடை என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் நோயாளிகளுக்கு இதை இலவசமாகச் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

உங்கள் மாமியாருக்குப் பல்செட் இருக்கிறதா? இருந்தால் அது எந்த வயதில் கட்டிய அலங்காரம் என்று கேட்டுப் பாருங்கள்.

சைக்கிள் டீச்சர் (புதுக்கோட்டை) எழுதியது:

வேண்டாம் என்று விட்டவள் ஒருத்தியும் எழுதட்டுமே என்று வந்தேன். வயது 57, அரசுப் பள்ளி ஆசிரியை. இடப்பக்கம் எடுத்து ஐந்து வருடம். சர்க்கரை உண்டு. இன்னொரு முறை எட்டு மணி நேர மயக்கத்துக்கு எனக்கு மனம் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, என் பிள்ளைகள் செய்துகொள்ளச் சொல்லித்தான் வற்புறுத்தினார்கள். அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு இன்றும் ஓட்டுகிறேன். இரண்டு மாதம் அதை விட்டு இருப்பதுகூட ஒரு காரணம், சிரிக்காதீர்கள்.

வீட்டில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பள்ளிக்குப் போகும்போது பருத்தி நூலில் பின்னிய திண்டு ஒன்று. தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகவே அனுப்புகிறார்கள். காற்று போகும், துவைத்துக் காயப்போடலாம். கடுகைப் போல முளைக்காது.

இனிமேல் அறுவைக்குப் போகிற யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: மறுசீரமைப்பு வேண்டாம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லி, மிச்சத் தோலைத் தொங்கவிடாமல் தட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அக்குளருகே ஒரு மடிப்பு நின்றுவிட்டது, உரசிக்கொண்டே இருக்கிறது.

காஜாபட்டன், உங்களிடம் ஒரு தொழில் கேள்வி. என் ரவிக்கை இடப்பக்கம் கழுத்தோரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் திண்டும் சேர்ந்து ஏறுகிறது. எத்தனை ஊசி குத்தினாலும் பயனில்லை. எனக்குத் தைப்பவர் ஓர் ஆண், வயதானவர், நல்ல மனிதர். ஆனால் என்ன காரணம் என்று சொல்ல எனக்கு இன்னும் முடியவில்லை.

காஜாபட்டன் (கும்பகோணம்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, வைகாசி முகூர்த்தத் தையல் கழுத்தை நெரித்துவிட்டது.

ஈரோட்டு அக்கா, பாலிசிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தது. 'எக்ஸ்க்ல் 08' இருக்கிறது, நீங்கள் சொன்ன அதே வரி. என் மகள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னாள். சிவப்பு மை இல்லை, அளவு நோட்டில் எழுதும் நீலப் பேனாவாலேயே கோடு போட்டேன்.

இரவுப்பணி அம்மா, கேட்கச் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி சென்னை போனேன். தசையை எடுக்க மாட்டேன் என்றார். வருடத்துக்கு எத்தனை என்று கேட்டபோது நாக்கு உலர்ந்துவிட்டது, ஆனால் அவர் கோபிக்கவில்லை. முப்பது வரை என்றார். தோற்றது உண்டா என்றேன். போன வருடம் ஒன்று என்றார். ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். மாத்திரை விஷயமாகத் தஞ்சாவூர் டாக்டரிடம் போனில் பேசிவிட்டார். சர்க்கரை சோதித்தார்கள், இல்லை.

மாமியாருக்குப் பல்செட் இருக்கிறது. மேலும் கீழும், 68 வயதில் கட்டியது. கேட்டேன். "அது சாப்பிடுவதற்கு" என்றார். அன்று இரவு பல்லைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில், "ஆடியில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு யார் கொண்டுவருவது?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கணவர் இன்னும் "உன் இஷ்டம்" என்றுதான் சொல்கிறார், ஆனால் பரணில் ஏறி ஈஸிசேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினார். இல்லை. வாங்க வேண்டும்.

டீச்சர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தையல்காரர் துணியை இரண்டாக மடித்துப் போட்டு முன்பாகம் இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டியிருப்பார். எல்லோரும் அப்படித்தான் வெட்டுவோம். உங்களுக்கு மடித்து வெட்டக் கூடாது. வலதுக்கு ஒரு தாள், இடதுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வரைய வேண்டும். இடப்பக்கம் டாட்டைப் பாதியாகக் குறைத்து, மிஞ்சும் துணியைக் கழுத்துப் பக்கம் விடாமல் கைக்குழியில் வாங்கிவிட வேண்டும். தூக்கிக்கொண்டு நிற்பது அதோடு நின்றுவிடும். கழுத்து இறக்கம் இப்போது இருப்பதைவிட அரை அங்குலம் குறைவாக வையுங்கள்.

திண்டு ஏறுவதற்கு: உள்ளே லைனிங்கோடு சேர்த்துப் பழைய மல் துணியில் ஒரு பை தைக்க வேண்டும். பையின் வாய் மேலே இருக்கக் கூடாது, அக்குள் பக்கமாக இருக்க வேண்டும். நாலு அங்குலத் திறப்பு போதும். அடிப்பட்டியில் அந்தப் பக்கம் மட்டும் அரை அங்குல எலாஸ்டிக் கொடுத்தால் கையைத் தூக்கினாலும் கீழே பிடித்துக்கொள்ளும். ஊசியே குத்த வேண்டாம், அந்தப் பக்கத்துக் கையில் ஊசி படாமல் இருப்பதும் நல்லது. அக்குளருகே மடிப்பு உரசுகிறது என்றீர்களே, அங்கே தையல் விளிம்பு உட்பக்கம் வராதபடி திருப்பித் தைக்கலாம்.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம். உங்களுக்குப் பிடித்த அளவு ரவிக்கை ஒன்றையும் அந்தப் பின்னல் திண்டையும் பார்சலில் எனக்கு அனுப்புங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் தருகிறேன். ஆடி பிறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு இரண்டு மாதம் கடை இருக்காது.